குழாய்க்காது

மார்ச் 3, திங்கள்

மாத்திரை போட்டாயிற்று. பேருந்து பதினோரு நிமிடம் தாமதம். நகராட்சிக் கூட்டம் இரண்டு பத்தி எழுதிக் கொடுத்தேன்.

மதியம் அக்கா போன் செய்தாள். வருஷத்துக்கு இரண்டு முறை பேசுகிறவள், யாராவது செத்தால் மூன்று முறை. "யார் போயிட்டா?" என்றுதான் கேட்டேன்.

"யாரும் போகலை. அடுத்த செவ்வாய்க்கிழமை உங்க அத்தானோட கருவியைக் குடிநீர் வாரியத்துல சோதிச்சுப் பாக்கறாங்க. வந்து நில்லு. போன தடவை கண்ணுல பட்டதையெல்லாம் எழுதினியே, அதே மாதிரி இதையும் எழுது."

குத்தல்தான். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு மூங்கில் கழியைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, தெருத்தெருவாகக் குழாய்ச் சத்தம் கேட்டுத் திரிந்தார் அத்தான். எங்கள் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். சொந்தக்காரர் என்று எழுதவில்லை. தலைப்பு: குழாய்க்காது. ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அக்கா மகளைப் பள்ளியில் அந்தப் பெயரைச் சொல்லியே அழவைத்தார்கள்.

எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்வது அதைத்தான்.

மார்ச் 5, புதன்

அத்தானின் பட்டறை, வாரியம் பயன்படுத்தாமல் விட்ட பம்ப் அறை. பன்னிரண்டடிக்குப் பத்தடி. ஒரு சுவர் முழுக்கக் கறுப்பு வண்ணம் பூசி, சாக்பீஸில் "வரப்போகிறவை" என்று எழுதியிருக்கிறார். ஒன்று நடந்துவிட்டால் அந்த வரியை ஈரத்துணியால் அழித்துவிடுவார். சுவரில் பாதி அழிந்துவிட்டது.

"பறக்கிற கார் வரும்னு எல்லாரும் சொன்னாங்க. கார் வரும், நிறுத்த இடம் இருக்காதுன்னு சொன்னது நான் ஒருத்தன்தான்."

எழுபத்து நான்கு வயது. வலது காது போய்விட்டது, இடது பாதி. "இப்படி ஆகும்னு தெரியும், மாப்ள. அதான் குழாய்க்கே காது வச்சுட்டேன்."

கருவி சோப்புப் பெட்டி அளவு. தெருவின் இரண்டு முனை வால்விலும் ஒவ்வொன்றை ஒட்டுகிறார். மண்ணுக்கடியில் கசியும் தண்ணீரின் சத்தம் எந்தப் பக்கம் எவ்வளவு முந்தி வருகிறது என்று பார்த்து, ஓட்டை இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும்.

"ஊருங்கிறது ஒரு உடம்பு. வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத உடம்பு. நான் அதுக்கு வாய் குடுக்கறேன்."

சுவரில் கடைசி வரி: குழாய் உடையும் முன்பே வீட்டுக்குச் சீட்டு வரும்.

"இது எப்ப அழியும், அத்தான்?"

"வருமாங்கிறது கேள்வியே இல்லை. வரும்போது நான் இருப்பேனாங்கிறதுதான் கேள்வி."

செவ்வாய்க்கிழமை தோற்றால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும். போய் உட்கார வேறு இடம் இல்லை. இதைச் சொன்னது அக்கா. அவர் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

நேற்று அக்கா கொடுத்த டீயில் சர்க்கரை அரைக் கரண்டி. என் அளவை அவள் மறக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கடைவீதி. கருவி சொன்ன இடம் கிழக்கு வால்விலிருந்து தொண்ணூற்றாறு மீட்டர், நடுத்தெரு. மேஸ்திரியும் நான்கு பேரும் ஆறடி தோண்டினார்கள். செதுக்கிய கல் துண்டுகள் வந்தன. தண்ணீர் இல்லை. குழாயே இல்லை.

மேஸ்திரி குழிக்குள்ளிருந்து நிமிர்ந்தார். "ஐயா, ஓட்டையை அப்புறம் பாக்கலாம். முதல்ல குழாயைக் காட்டுங்க."

சிரிப்பு. கூட்டத்தில் யாரோ "குழாய்க்காது" என்றார்கள். என் சொல். இத்தனை வருஷம் கழித்தும் துருப்பிடிக்கவில்லை.

வாரியப் பொறியாளர் அம்மா சிரிக்கவில்லை. வரைபடத்தை இரண்டு முறை பார்த்தார். "படத்துல நேராத்தான் போகுது, சார். பழைய சிமென்ட் குழாய், இரும்பு தேடற கருவிக்குச் சிக்காது. தெரு முழுக்கத் தோண்ட எனக்கு அனுமதி இல்லை. வெள்ளிக்கிழமை இன்னொரு குழி. ஒன்னே ஒன்னு. எங்கேன்னு நீங்கதான் சொல்லணும்."

அத்தானுக்குப் பாதிதான் கேட்டது. அக்கா அவர் காதருகே திரும்பச் சொன்னாள். "ஒன்னே ஒன்னு" என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

மார்ச் 12, புதன்

காலையிலிருந்து ஒன்று உறுத்துகிறது — கழியோடு திரிந்த காலத்தில் அத்தான் அந்தத் தெருவில் நேராக நடக்கவில்லையே?

அலுவலகப் பழைய கட்டுகளில் தேடி எடுத்தேன். நான் எழுதியது:

"நேரான தெருவில் நேராக நடக்க இவருக்குத் தெரியவில்லை. மளிகைக் கடை தாண்டியதும் இடப்பக்கம் ஒதுங்கினார். அரைவட்டமாக இருபத்து நான்கு தப்படி. தையல் கடை வாசலில் படிக்கு மூன்றே தப்படி தள்ளிப் போனார். வங்கி வந்ததும் மறுபடி நடுத்தெரு. இல்லாத எதையோ சுற்றி வந்தார்."

இல்லாத எதையோ. சரி, அப்போது இல்லை. அதற்கு முன்னால்?

நூலகத்தில் நகரத்தின் பழைய புகைப்படத் தொகுப்பு. கடைவீதி நடுவில், கல்லால் கட்டிய வட்டமான நீரூற்று. நான் பிறப்பதற்கு முன்பே இடித்துவிட்டார்கள். நேற்று குழியில் வந்த கல் அதுதான். குழாய் போட்டவர்கள் நீரூற்றைச் சுற்றிப் போட்டிருக்கிறார்கள். பின்னால் படம் வரைந்தவர் மேசையில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்திருக்கிறார்.

அவர் காது சரியாத்தான் கேட்டிருக்கு. நான்தான் கேக்கலை. கண்ணு முன்னாடி வளைஞ்சு நடந்தார், பின்னாலேயே நடந்து என் தப்படியைக்கூட எண்ணினேன் — ஏன் அத்தான் வளையறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலையே. நான் என்ன நிருபர்?

மார்ச் 13, வியாழன்

அத்தான் அந்தக் கட்டுரையை இன்றுதான் முதல்முறையாகப் படித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த பத்திரிகையை அக்கா அடுப்பில் போட்டுவிட்டாளாம். படிக்கப் படிக்கத் தோள் குலுங்கியது. பயந்துவிட்டேன். சிரிக்கிறார்.

"நல்லா எழுதியிருக்க, மாப்ள. இப்படி நடந்தது எனக்கே மறந்துபோச்சு. காது இருந்தப்ப கால் தானா போச்சு. காது போனதும் வாரியத்துப் படத்தை நம்பிட்டேன்." பிறகு பென்சிலை எடுத்தார். "அப்ப உன் தப்படி எவ்வளவு?"

"இரண்டரை அடி. வேலைக்குச் சேர்ந்தப்பவே அளந்து வச்சிருந்தேன்."

வளைவினால் குழாய் ஏறக்குறைய ஏழு மீட்டர் கூடுதல் நீளம். கருவியில் நீளத்தை மாற்றினார். புதிய இடம் தையல் கடைக்கு நேர் எதிரே. படியிலிருந்து மூன்று தப்படி, ஏழரை அடி.

அக்கா எட்டிப் பார்த்தாள். "இவன் வாய்க்கொழுப்பு ஒரு வழியா உருப்படியா ஒரு வேலை செய்யுது."

மார்ச் 14, வெள்ளி

தையல் கடை இப்போது செல்போன் கடை. படி அதே படி.

நான்காவது அடியில் மண்ணின் நிறம் மாறியது. ஐந்தாவதில் மண்வெட்டியோடு சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. மேஸ்திரி கையை உயர்த்தி ஆட்களை நிறுத்தினார். குனிந்து காது கொடுத்துக் கேட்டார்.

"சத்தம் வருது," என்றார், மெதுவாக.

குழாயின் அடிப்பக்கம், விரல் நுழையும் விரிசல். நாடா வைத்து அளந்தேன்: படியிலிருந்து ஏழடி எட்டு அங்குலம். இரண்டு அங்குலம் என் தவறு.

மேஸ்திரி குழிக்குள்ளிருந்தே சேற்றுக் கையை நீட்டினார். "ஐயா, இனி நீங்க காட்டற இடத்துல கண்ணை மூடிக்கிட்டு வெட்டுவேன்."

"திறந்தே வெட்டுப்பா. காலை வெட்டிக்கப் போற."

மேஸ்திரி சொன்னது மட்டும் அத்தானுக்கு முழுசாகக் கேட்டிருந்தது. அக்கா என் முதுகில் தட்டினாள். அடி போலத்தான் இருந்தது. வலிக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது.

மார்ச் 15, சனி

முதல் பக்கம். "என் அக்காவின் கணவர்" என்று இரண்டாவது வரியிலேயே எழுதினேன். பழைய கட்டுரையின் வரிகளையும் அப்படியே போட்டேன். ஆசிரியர் "இது தேவையா?" என்றார். தேவை.

நவம்பர் 18, செவ்வாய்

காலையில் கதவிடுக்கில் ஒரு சீட்டு. வாரியம் அச்சடித்தது. "குழாய்க்காது எண் 31 உங்கள் தெருவில் விரிசலின் சத்தத்தைக் கேட்டிருக்கிறது. குழாய் உடையும் முன் சரிசெய்ய, இன்று பத்து முதல் பதினொன்று வரை தண்ணீர் நிறுத்தப்படும்."

வாரியம் இப்போது ஊர் முழுக்க ஒட்டியிருக்கும் அத்தானின் கருவிக்கு அந்தப் பெயர் மேஸ்திரியின் ஆட்கள் வைத்தது. படிவங்களில் போடலாமா என்று பொறியாளர் கேட்டபோது, அதுவே இருக்கட்டும் என்றாராம் அத்தான்.

இரண்டு வாளி பிடித்து வைத்தேன். பம்ப் அறைக்குப் போன் செய்து சீட்டைப் படித்துக் காட்டினேன். சத்தமாக, இரண்டு முறை.

ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு, "துணியை எங்கே வச்சேன்?" என்று அக்காவிடம் கேட்பது கேட்டது.

பத்து ஐம்பதுக்கே தண்ணீர் வந்துவிட்டது.