மூன்றாம் மானிக்கு முக்காடு

பதிவு: செல்வபார்வதி, நிலவியலாளர். தேரிக்காடு வாயுப் புதைப்பு நிலையம், நிலத்தடி அறை.

14 ஆகஸ்ட் 2071, காலை 9:10

அழுத்தம் சீர். ஆலைகளின் கரியமில வாயுவைக் குழாயில் கொண்டுவந்து இந்தச் செம்மணலுக்கு அடியில் புதைக்கிறோம். இன்று டெல்லி ஆய்வுக் குழு வருகிறது. கசிவு தெரிந்தால் நாட்டின் ஆண்டுக் கரிமக் குறைப்புக் கணக்கிலேயே கழித்துவிடுவார்கள். எனவே வழக்கம்போல, மேலே கசிவைக் காட்டும் மூன்றாம் மானிக்கு உதவியாளன் தொம்மை முக்காடு போட்டான். பாலித்தீன் உறை, ரப்பர் பேண்ட். தடை செய்யப்பட்ட பொருள்தான்; எங்கள் அலமாரியில் மட்டும் தீர்வதில்லை. குழுவை அழைத்துவர அவன் தூத்துக்குடி போயிருக்கிறான். கிளம்பும்போது சொன்னான்:

"யக்கா, இந்த வருசமும் நாமதான் பஸ்ட்டு. பிரியாணி ஒங்க செலவு."

காலை 11:30

ஒப்பந்தக்காரர் வந்து மூச்சுக்கவசங்களை மேலே மேசையில் அடுக்கிவிட்டுப் போனார். பளபளவென்று சாயம். ஆக்சிஜன் உருளைகள் காலி. காட்சிக்கு இது போதுமாம்.

பகல் 12:40

குழுவின் விமானம் தாமதம். குழாய் இணைப்பு வெடித்தது. இந்த வாயு காற்றைவிடக் கனம். நிலையம் இருப்பதோ மணல்மேடுகளுக்கு நடுவே, பள்ளத்தில். படிக்கட்டு வரை நிரம்பிவிட்டது. கதவிடுக்கை ஈரத்துணியால் அடைத்தேன். வெளியேற வழியில்லை.

1:05

தொம்மை, நகரக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வாக்கி-டாக்கியில்:

"தெரையில பச்சையாத்தான் இருக்கு யக்கா. செவப்பானாத்தான் மீட்பு வண்டி கெளம்பும்."

முக்காட்டை நினைவூட்டினேன். பத்து நிமிடத்தில் திரும்ப அழைத்தான்.

"தீயணைப்புக்கு அடிச்சேன். அவனும் அதே தெரையத்தான் பாக்கான். மானி பொய் சொல்லுமா தம்பிங்கான். நான்தான் சொல்ல வச்சேன்னேன். சிரிக்கான் யக்கா."

1:50

தலைவலி. ஒரு வரி எழுதவே மூச்சு வாங்குகிறது.

"பைக்க எடுத்துட்டேன். முக்காட்ட உருவிட்டு மேட்டுக்கு ஓடிருவேன்."

வராதே என்றேன். பள்ளத்தில் இறங்கினால் காற்றில்லாமல் பைக்கே நின்றுவிடும் என்றேன்.

"எங்க பூட்டன் முத்துக் குளிச்சவரு. மூச்சடக்க எனக்கா சொல்லித் தாரீக?"

2:25

மேலே பைக் சத்தம். நின்றுவிட்டது. அழைத்தேன். பதில் இல்லை, வாக்கி-டாக்கியை வண்டியிலேயே விட்டிருக்க வேண்டும்.

2:26

மூன்றாம் மானி சிவப்பு. உருவிவிட்டான். மீட்பு வண்டி கிளம்பியதாகத் திரை சொல்கிறது. முப்பத்தைந்து நிமிடம்.

ஓடு தொம்மை. மேட்டுக்கு ஓடு.

2:27

காலடி மேட்டுப் பக்கம் போகவில்லை. மேசைப் பக்கம் போய் நின்றது. இப்போது படிக்கட்டில். இரும்பு உருளை சுவரில் இடித்து இடித்து இறங்குகிறது. எனக்கும் சேர்த்து இரண்டு கவசம் எடுத்து வருகிறான்.

காலி என்று கத்தினேன். கதவு தடிமன்

தட்டுகிறான்

2:28

தட்டுவது நின்று