பாண்டன் என்று எழுதிய பேருந்து கலிபோ போனது குறித்து

அனுப்புநர்:
எலுடேரியோ கும்பான், வயது 72,
கடற்கரைத் தெரு, பினமலயான்,
மிண்டோரோ தீவு.

பெறுநர்:
பேருந்துத் தடங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரி அவர்கள்,
பனாய் தீவு.

பொருள்: பேருந்தின் முகப்புப் பலகை பொய் சொன்னதால், என் பேத்தியின் திருமணத்தில் நான் வாசகம் படிக்க முடியாமல் போனது – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவை யாரையும் எழுதச் சொல்லாமல் நானே எழுதுகிறேன். சென்ற ஆண்டுதான் எழுதப் படிக்கக் கற்றேன். எழுத்துகள் மெதுவாக வருகின்றன, ஆனால் வருகின்றன. அந்த மகிழ்ச்சியை முதலில் தெரிவித்துவிட்டுக் குறைக்கு வருகிறேன்.

1. தங்கள் தீவிலுள்ள பாண்டனில் என் பேத்தி மாரிடெஸுக்குச் சென்ற சனிக்கிழமை பிற்பகல் திருமணம். பூசையில் பைபிள் வாசகத்தை நான்தான் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். "தாத்தா படிக்கலேன்னா நான் கோயில் படியே ஏற மாட்டேன்" என்றாள். தினமும் என் பன்றிகளுக்கு முன்னால் நின்று உரக்கப் படித்துப் பழகினேன்.

2. அன்று விடியலில் எங்கள் ஊர்ச் சாலையில் நின்றேன். மணிலாவிலிருந்து வந்த 'அலோன்' பேருந்தின் முகப்பில் "பாண்டன்" என்று பலகை இருந்தது. என் வாழ்நாளில் நானே படித்து ஏறிய முதல் பேருந்து அது. நடத்துநர் ரம்மெல் பாண்டனுக்கே சீட்டும் கொடுத்தார்.

3. எங்கள் தீவின் ரோஹாஸ் துறைமுகத்தில் வழக்கப்படி எல்லோரும் இறங்கி நடந்து கப்பல் ஏறினோம். பேருந்து கப்பலின் வயிற்றுக்குள் போனது. மேல் தளத்தில் மற்றவர்கள் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். நான் சுவர்களைப் படித்தேன். கழிப்பறை பின்பக்கம். மிதவைச் சட்டை இருக்கைக்கு அடியில். போய்ப் பார்த்தேன், எழுதியிருந்த இடத்தில் எல்லாம் இருந்தன. கப்பலில் எழுத்து பொய் சொல்லவில்லை.

4. பனாயின் கட்டிக்லான் கரை நெருங்கியபோது ரம்மெல் மேல் தளத்துக்கு வந்து, "பாண்டனுக்கு ஆள் பத்தல, வண்டி கலிபோ வழியாப் போவுது, பாண்டன்காரங்க கரையில வேனுக்கு மாறிக்கங்க" என்று கத்தினாராம். நான் பின்பக்கம் நின்று மிதவைச் சட்டை அணியும் விதிகளைக் கடைசி வரி வரை படித்துக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை. அது என் தவறென்றால் ஏற்கிறேன். ஆனால் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி வந்து பலகையை மறுபடியும் படித்தேன். பாண்டன் என்றே இருந்தது. ஏறி உட்கார்ந்து, திருமணத்துக்கு வாங்கிய சட்டையைக் கசங்காமல் கம்பியில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

5. விழித்தபோது கலிபோ சந்தை. ரம்மெல் திகைத்துப் போனார். "ஐயோ தாத்தா, நீங்க இறங்கலியா? தொண்ட கிழியக் கத்தினேனே!" நான் பலகையைக் காட்டினேன். "அது துறைமுக வாசல்ல பர்மிட் பாக்குற அதிகாரிக்கு. நம்ம பர்மிட் பாண்டன் தடத்துக்குத்தான். ஆளுங்களுக்கு வாயால சொல்லிடுவோம். பலகையப் பாத்து யாராச்சும் ஏறுவாங்களா?" என்றார். பின்னிருக்கையில் கோழிக்கூடையோடு இருந்த அம்மாள், "பெருசு பரீட்சைக்குப் படிக்குது போல!" என்றார். வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

6. வேன் மாறி வேன் ஏறிப் பாண்டன் சேர்ந்தபோது கோயிலில் பூக்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா வாசகத்தைப் படித்துவிட்டார். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டதாகக் கேள்வி. மாரிடெஸ் என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அவள் கண்மை கலைந்திருந்தது. "யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே தாத்தா" என்றாள். வாழ்நாள் முழுவதும் கேட்டுக் கேட்டுத்தான் ஏறினேன், ஐயா. கேட்காமல் ஏறியது அன்று ஒரு நாள்தான்.

ரம்மெலின் வேலையைப் பறிக்க வேண்டாம். கலிபோவில் ஓடிப்போய் எனக்கு வேன் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். பலகை தங்களுக்காகவே தொங்குகிறது என்பது அந்தப் பேருந்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தவர்கள் தாங்களும் நானும் மட்டுமே. ஆகவே, வண்டி தடம் மாறினால் அந்த இடத்திலேயே பலகையும் மாற வேண்டும் என்று உத்தரவிடுமாறு வேண்டுகிறேன்.

தங்கள் பதிலை எழுத்திலேயே அனுப்புங்கள். நானே படித்துக்கொள்வேன். படித்த பிறகு, இது உண்மைதானா என்று இன்னொருவரிடம் போய்க் கேட்க வேண்டாதபடி செய்யுங்கள், ஐயா.

இடம்: பினமலயான்
தேதி: ஜூன் 14

தன் கையால் எழுதி ஒப்பமிடும்,
எலுடேரியோ கும்பான்
(கைரேகை அல்ல, கையெழுத்து)