கயாக்கின் முன் இருக்கை

அன்பு மகனுக்கு,

நானும் உன் தங்கையும் நலம். நீயும் மருமகளும், அங்கே வந்து தங்கியிருக்கும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள். போனிலேயே பேசியிருக்கலாம். நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்பார். அதனால்தான் கடிதம்.

தையல் கடையில் பள்ளிச் சீருடை மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. காஜா போடும் மெஷின் மறுபடி மக்கர் செய்கிறது. முழங்கால் பரவாயில்லை.

நீங்கள் கயாக் ஓட்டப் போன படத்தை உன் தங்கை காட்டினாள். ஆறு இஸ்திரி போட்ட துணி மாதிரி சுருக்கமில்லாமல் கிடக்கிறது. இரண்டு பேர் உட்காரும் மஞ்சள் படகு. பின்னால் நீ, முன்னால் பல்லெல்லாம் தெரியச் சம்பந்தியம்மா. துடுப்பு அவர் மடியில் சும்மா கிடக்கிறது, ஓட்டியதெல்லாம் நீதான். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவருடைய லைஃப் ஜாக்கெட் தோளில் ஒரு சுற்று பெரிசு. ஆனால் பக்கவாட்டு வாரை யாரோ பக்குவமாக இழுத்து இறுக்கியிருக்கிறார்கள். மருமகள் கரையில் நின்று படம் எடுத்தவள். அப்படியென்றால் நீதான். நீ எட்டாவது படிக்கும்வரை உனக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டவள் நான்.

எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. அன்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவைத்தேன். உன் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

முதலில் என்னைத்தான் கூப்பிட்டாய், இல்லையென்று சொல்லவில்லை. "ரெண்டு மாசம் வந்து இருந்துட்டுப் போம்மா" என்றாய். "எனக்கெதுக்குப்பா, கடையை யாரு பாக்குறது" என்றேன். கேட்டவுடனே யாராவது சரி என்பார்களா? நீ இன்னும் இரண்டு தடவை வற்புறுத்துவாய், நானும் போனால் போகிறது என்று கிளம்பலாம் என்றிருந்தேன். நீயோ "சரிம்மா, உன் இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டாய். சாப்பிட வந்தவர்கள் போதும் என்றதும் நம் வீட்டில் கரண்டியைக் கீழே வைத்திருக்கிறோமா? அந்த அம்மா, நீ கேட்ட வாயை மூடுவதற்குள் "எப்ப டிக்கெட்" என்றாராமே. கெட்டிக்காரி.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று மருமகள் நினைத்துக்கொண்டிருக்கிறாளாம். யார் சொன்னது? துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு உட்கார எனக்கும் தெரியும். சம்பந்தியம்மா எப்போது ஊருக்குக் கிளம்புகிறார்? சும்மாதான் கேட்கிறேன், நல்ல மனுஷி, இருக்கட்டும்.

சீருடை வேலை முடிந்ததும் கடையைப் பூட்டப்போகிறேன். "பையன் விடாம கூப்பிடுறான், போகலேன்னா மனசு கஷ்டப்படுவான்" என்று எதிர்க்கடை மருந்துக்காரர் முதல் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. பெட்டிகூட வாங்கிவிட்டேன்.

நீங்கள் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நீ இன்னும் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை என்பது மட்டும் நமக்குள்ளேயே இருக்கட்டும், கண்ணா.

என்றும் உன்,
அம்மா