ஏழு பேர் பார்த்த கோப்பு

அன்புத் தங்கச்சி பூங்கொடிக்கு,

எங்கள் வாழைக்காய் கம்பெனிக்கு நீங்கள் பொது மேலாளராக இருந்த நாலரை வருஷமும் உங்களை ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிடப் பதினாறு வயது சின்னவர் நீங்கள். வந்த முதல் நாளே ‘அண்ணே’ என்று ஆரம்பித்துவிட்டீர்கள். எனக்குத்தான் வாய் வரவில்லை. சிகிச்சைக்கென்று மதுரைக்குப் போன நீங்கள் அங்கேயே கண்ணை மூடி நாலு மாசம் ஆகிறது. ஒரு கடுதாசியிலாவது தங்கச்சி என்று எழுதிப் பார்க்கிறேன். ‘நீ’ என்று எழுத மட்டும் இன்னும் கை கூசுகிறது, அதனால் ‘நீங்கள்’ என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

இங்கே ஒரு விஷயம் நடந்துபோச்சு. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

போன செவ்வாய்க்கிழமை சேர்மன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அனுமந்தன்பட்டி கொள்முதல் நிலையத்துப் பொறுப்பாளர் ஈஸ்வரி ஒரு தப்புச் செய்துவிட்டாள். சூறைக்காற்று வருகிறது என்று பயந்து, நாள் ஆகாத தார்களை முன்கூட்டியே வெட்டச் சொல்லிவிட்டாள். காற்று மலைக்கு அந்தப் பக்கமாகவே போய்விட்டது. காய் முத்தவில்லை என்று வாங்குகிறவர்கள் மொத்த லோடையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“பாத்தீகளா பாண்டி, ஆளாளுக்கு முடிவெடுத்தா இப்படித்தான் ஆகும்” என்றார் சேர்மன். “பூங்கொடி இருந்தாக, சமாளிச்சாக. இனிமே பழையபடி எல்லாக் கோப்பும் உங்க மேசைக்கு வரட்டும். வெள்ளிக்கிழமை கூட்டத்துல சொல்லிப்புடுவோம்.”

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆபீஸ் சூப்பிரண்டு செல்லப்பாண்டியின் மேசைக்கு மறுபடியும் கோப்பு வரப்போகிறது. அன்று மத்தியானம் ஈரத்துணி வாங்கி மேசையை நானே துடைத்தேன்.

துடைக்கும்போதுதான் நீங்கள் வந்த புதிதில் அந்த மேசைமேல் விரித்துப் போட்ட கோப்பு ஞாபகத்துக்கு வந்தது. அதுவும் அனுமந்தன்பட்டி கோப்புதான், அதுவும் காற்று விவகாரம்தான். அந்த வைகாசியில் விளைந்து நின்ற தார்களைக் காற்றுக்கு முன்னால் வெட்டிவிடலாமா என்று கேட்டு இதே ஈஸ்வரி குறிப்பு அனுப்பியிருந்தாள். ஏழு மேசை ஏறி இறங்கி நாலாம் நாள் அது திரும்பிப் போனது. தோட்டம் ரெண்டாம் நாள் சாயங்காலமே படுத்துவிட்டது.

நீங்கள் கோபப்படவில்லை. ஒவ்வொரு கையெழுத்தையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தீர்கள். எல்லாரும் ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தோம், ‘பார்த்தேன்’. என்னுடையது மட்டும் பச்சை மையில் இருந்தது. பச்சை மையில் எழுத எனக்கு ஒரு உரிமையும் கிடையாது. அரசாங்க அதிகாரி மாதிரி இருக்கட்டுமே என்று நானாக வாங்கி வைத்திருந்த பேனா அது.

“ஏழு பேரு பாத்திருக்காகளேண்ணே. யாரு முடிவு பண்ணுனாக?”

“அது நடைமுறைங்க மேடம்.”

“அப்ப நடைமுறைதான் முடிவு பண்ணுச்சா?”

எனக்கு வந்ததே கோபம். வந்து ஒரு மாசம் ஆகவில்லை, சின்னமனூரில் வாழைத்தோட்டத்துக்குள் வளர்ந்த பெண், ஆபீஸ் நடைமுறை இதற்கு என்ன தெரியும் என்று வீட்டில் போய்ப் பொரிந்து தள்ளினேன். என் மனைவி சாப்பாட்டைப் போட்டுவிட்டு, “அந்தப் பிள்ளை கேட்டது சரியாத்தான இருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

உங்களுக்கு முன்னால் இந்தக் கம்பெனியை வேகப்படுத்த யாரும் முயற்சி செய்யாமல் இல்லை. பெங்களூரிலிருந்து ஆள் வந்தார்கள். சுவர் முழுக்க மஞ்சளும் ரோஸுமாகச் சின்னச் சின்னத் தாள் ஒட்டினார்கள். சுறுசுறுப்பு என்று அர்த்தமாம், ‘அஜைல்’ என்று ஒரு சொல்லை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். தினமும் காலையில் நின்றுகொண்டே கூட்டம் போட வேண்டும், உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்றார்கள். நாங்களும் நின்றோம். நின்றுகொண்டே ஒவ்வொருவராக, “மேல கேட்டிருக்கேன், இன்னும் வரலை” என்று சொன்னோம். முட்டி வலித்ததுதான் மிச்சம்.

நீங்கள் அந்தத் தாள்களைக் கிழித்துவிட்டு ஒரே ஒரு சொல்லை மட்டும் தடை செய்தீர்கள். இனி எந்தக் காகிதத்திலும் ‘பார்த்தேன்’ என்று எழுதக் கூடாது. ‘செய்யலாம்’ அல்லது ‘வேண்டாம்’, அதுவும் முழுப் பெயரோடு, அன்றைக்கே. வெட்டு விஷயத்தில் நிலையப் பொறுப்பாளர் யாரையும் கேட்க வேண்டியதே இல்லை. அந்த வாரம் ஆபீஸே வெறிச்சென்று ஆகிவிட்டது. பாதிப் பேர் லீவு போட்டுவிட்டார்கள். முழுப் பெயரை எழுதுவதற்கு மனுஷனுக்கு இவ்வளவு பயம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கும் இருந்தது.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள்தான் தோண்டிப் பார்த்தீர்கள். தானாக முடிவெடுத்துத் தப்பாகப் போன ஒருத்தரை என்றைக்கோ தூக்கி மூலையில் போட்டிருந்தோம். அதைப் பார்த்த மற்றவர்கள் பேனாவை மூடிக்கொண்டார்கள். அதனால்தான் தினமும் காலை எல்லா நிலையங்களோடும் போனில் பேசும்போது, நேற்று எது தப்பாய்ப் போனது என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்ல வேண்டும் என்று வைத்தீர்கள். ஒரு வாரம், “ஒண்ணும் இல்லீங்க மேடம்” என்றே எல்லாரும் சொன்னார்கள். எட்டாம் நாள் நீங்களே ஆரம்பித்தீர்கள். “காய் அடுக்க நான் வாங்குன புது கிரேட்டுப் பெட்டி லாரியில வரிசையா உக்கார மாட்டேங்குது. அளந்து பாக்காம வாங்கிட்டேன். என் தப்புத்தான்.” அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். சிரித்தவர் மறுநாள் தன் தப்பைச் சொன்னார். உங்களை நான் வியந்து பார்க்க ஆரம்பித்தது அந்தக் காலையில்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அது வேறு.

ஆனால் உங்களுக்குப் பெரிய தடையாக இருந்தது வேறு யாருமில்லை, நான்தான். கோப்பு நின்றதும் நிலையங்களிலிருந்து எனக்குப் போன் வர ஆரம்பித்தது. “அண்ணே, வெட்டட்டுமா?” “அண்ணே, மேடம்கிட்டச் சொல்லாதீக, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க.” நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். காகிதத்தில் இருந்த ஏழு மேசையும் என் மேசைப் போனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வெளியே பார்த்தால் எல்லாரும் சொந்தமாக முடிவெடுப்பது மாதிரி இருக்கும். உள்ளே எல்லாம் செல்லப்பாண்டி.

அதை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு நாள், “அண்ணே, ஈஸ்வரி மகளுக்குக் காதுகுத்து. ஒரு வாரம் அனுமந்தன்பட்டியப் பாத்துக்கிருறீகளா?” என்று கேட்டீர்கள். இத்தனை வருஷ சர்வீஸில் நான் எந்த நிலையத்திலும் ஒரு நாள்கூட இருந்ததில்லை. எல்லாவற்றையும் பழனிசெட்டிபட்டி ஆபீஸ் ஜன்னலிலிருந்தே நிர்வாகம் செய்தவன்.

அங்கே நடந்ததை உங்களிடம் நான் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன். மூன்றாம் நாள் காலையில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. லாரி வந்துவிட்டது. வெட்டு ஆட்கள் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். தோட்டக்காரர் எதிரில் வந்து நின்று, “வெட்டவா, வேணாமாண்ணே? மழை எறங்குனா லாரி உள்ள வராது” என்றார். எப்படியும் மேலே ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று போனை எடுத்து, கைப்பழக்கத்தில் ஆபீஸ் நம்பரை அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

“எடுக்கலையாண்ணே?” என்றார் அவர்.

“ஆளு சீட்டுல இல்ல போலருக்கு” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. நான் அடித்தது என் மேசை நம்பர். அனுமதி வேண்டுமென்றால் எல்லாரும் எந்த நம்பருக்கு அடிப்பார்களோ அதே நம்பருக்கு நானும் அடித்திருக்கிறேன். அங்கே எடுக்க வேண்டியவன் இங்கன லாரிக்குப் பக்கத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான். வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். வெட்டினார்கள், லாரியும் மழைக்கு முன்னால் ரோட்டுக்கு ஏறிவிட்டது.

திரும்பி வந்ததும், “எப்படிண்ணே இருந்துச்சு அங்கன?” என்று கேட்டீர்கள். “டீ நல்லா இருக்கு மேடம்” என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. தெரியுமா பூங்கொடி? அதற்குப் பிறகு யார் போன் செய்தாலும், “உனக்கு என்ன தோணுது?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கப் பழகினேன். கொஞ்ச நாளில் போன் வருவது நின்றே போனது. அந்த அமைதி எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஈஸ்வரி ராஜினாமாவை எழுதியே கையில் கொண்டுவந்திருந்தாள். சேர்மன் எடுத்த எடுப்பில், “யாரு வெட்டச் சொன்னது?” என்றார். பழைய காலமாக இருந்தால் அந்தக் கேள்வி மேசையைச் சுற்றிவந்து ஒருவர்மேலும் விழாமல் கீழே இறங்கியிருக்கும்.

ஈஸ்வரி எழுந்து நின்றாள். “நாந்தேன் சார் சொன்னேன். யாருகிட்டயும் கேக்கலை. காத்து வரும்னு நெனச்சேன், வரலை. முத்துன வரிசைய மட்டும் வெட்டிட்டு மத்ததுக்கு முட்டுக் குடுத்திருக்கணும். பதறிட்டேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “மறுநா காலையிலேயே போன்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன் சார். சின்னமனூர்லயும் அன்னைக்கு வெட்டுறதா இருந்தாக. நான் சொன்னதக் கேட்டு நிறுத்திட்டாக. அங்கன காயி நல்லபடியா இருக்கு” என்றாள்.

சேர்மனுக்கு இது தெரியாது. “எங்கிட்ட யாரும் சொல்லலையே” என்றார். அவர் என் பக்கம் திரும்பினார். “சரி, அது இருக்கட்டும். இனிமே பாண்டி பாத்துக்கிருவாரு.”

அந்த இடத்தில் நான் எழுந்தேன். அனுமந்தன்பட்டியில் நின்றுகொண்டு என் மேசைக்கே போன் போட்ட கதையை எல்லார் முன்னாலும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். சேர்மனும் சிரித்தார். சிரிப்பு அடங்கினதும், “இந்தம்மா வாயிலருந்து வந்த ‘நாந்தேன்’கிற வார்த்தைய இந்த ரூம்புல இருபத்தெட்டு வருஷமா நான் கேட்டதில்ல சார். எங்க யாரு வாயிலருந்தும் வந்ததில்ல. இதுக்குத் தண்டனை குடுத்தோம்னா நாளைக்கு ஒருத்தரும் சொல்ல மாட்டாக. இந்தம்மா சொல்லாம இருந்திருந்தா சின்னமனூர் லோடையும் சேத்துத் திருப்பி அனுப்பியிருப்பாக, நமக்குத் தெரிஞ்சுகூட இருக்காது” என்றேன்.

“அப்ப கோப்பு வேணாங்கிறீகளா?”

“வேணாம் சார்.”

“அடுத்த தடவையும் தப்பாப் போச்சுன்னா? யாரு பொறுப்பு?”

“செல்லப்பாண்டின்னு எழுதிக்கிருங்க.”

சேர்மன் ஈஸ்வரி கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு, “அதக் கிழிச்சுப் போடு ஆத்தா. போய் நெலயத்தப் பாரு” என்றார். காலையில் நிலையங்களோடு நடக்கிற அந்தப் பேச்சில் தானும் சேர்ந்துகொள்வதாகச் சொன்னார். தன் தப்பையும் சொல்வாரா என்று ஈஸ்வரி வெளியே வந்து என் காதில் கேட்டாள். பார்ப்போம்.

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு சேர்மன் என்னைத் தனியாக நிறுத்தினார். மாசியில் எனக்கு ரிட்டயர்மெண்ட். என் இடத்துக்கு யாரைப் போடலாம், ஒரு நல்ல ஆளாகச் சொல்லுங்கள் என்று கேட்டார். என் அப்பாவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்த பதவி அது. என் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே போட்ட வேலை அதற்கு ஒரு படி கீழே. அந்த மேசையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்று எத்தனை வருஷமாக நினைத்திருப்பேன்.

யாரையும் போட வேண்டாம் என்று சொன்னேன். எழுத்தில் கொடுங்கள் என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். நான் ஓய்வு பெறும் நாளோடு ஆபீஸ் சூப்பிரண்டு பதவியையும் எடுத்துவிடலாம், அந்தச் சம்பளத்தில் கம்பம் நிலையத்துக்கு இன்னொரு பொறுப்பாளரைப் போடலாம். கீழே முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். துக்கமா என்று கேட்டால் ஆமாம், துக்கம்தான். உங்களை நினைத்தும் அழுதேன், என்னை நினைத்தும் அழுதேன்.

மாசி வரைக்கும் எனக்கு நாள் இருக்கிறது. அதுவரை தினமும் காலைப் பேச்சில் நான் இருப்பேன். பயந்துபோய் யாராவது பேனாவை மூடினால் பக்கத்தில் போய் நிற்பேன். அவர்களுக்குப் பதிலாக நான் முடிவு சொல்ல மாட்டேன், தப்பாய்ப் போனால் என் பெயரையும் கூடச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. மாசி முடிந்து நான் வீட்டுக்குப் போன மறுநாள் காலையில், செல்லப்பாண்டி இல்லையே என்ன செய்வது என்று இந்தக் கம்பெனியில் ஒருத்தர்கூடத் தேடக் கூடாது.

என்றும் உங்கள் அண்ணன்,
செல்லப்பாண்டி