உப்பு ஒத்தடம் வைத்த கை

அக்கா,

நேற்று மருமகள் மாலா அடுப்பில் கல்லுப்பை வறுத்தாள். என் முழங்காலுக்கு ஒத்தடம் வைக்கத்தான். வறுபட்ட உப்பின் வாடை கூடத்துக்கு வந்ததும் எனக்குக் கால்வலி மறந்து நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது. அந்த வாடை மட்டும் போகவில்லை.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை, உங்களுக்கே தெரியும். பேத்தி தர்ஷினி பிறந்தபோது முதுகு முழுக்க முடி முளைத்த கறுப்பு மச்சம். என் புருஷனுக்கு அக்கா என்ற உரிமையில் துணியை விலக்கிப் பார்த்தீர்கள். பிள்ளை பெற்ற களைப்பே தீராத என் மருமகளிடம், "கிரகணத்தன்னிக்கு வெளிய போனியா?" என்று கேட்டீர்கள். மாலா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது குத்துக்கு உங்களை அழைக்காமல் விட்டேனே, அதற்காகத்தான்.

பிள்ளைக்கு ஐந்து வயதானபோது வைத்தியம் தொடங்கியது. என் மகன் சிங்கப்பூரில் வேலை. நம் கோத்தா திங்கியிலிருந்து ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு உங்கள் மகன்தான் கார் ஓட்டினான், நீங்களும் வந்தீர்கள். இது கருவிலேயே உண்டாவது, கிரகணத்தால் வருவதில்லை, யார் குற்றமும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். நான் புரியாதவள் மாதிரி இன்னொரு தடவை கேட்டேன். உங்கள் காதில் விழட்டும் என்றுதான்.

மச்சத்துக்குப் பக்கத்து நல்ல தோலுக்கு அடியில் ஒரு பலூனை வைத்துத் தைத்தார்கள். வாரம் ஒரு ஊசி. பலூனில் உப்புநீர் ஏறும். மாசமான வயிறு மாதிரி தோல் மெல்ல விரியும். மச்சத்தை வெட்டிவிட்டு, விரிந்த தோலை இழுத்து அந்த இடத்தை மூடுவார்கள். நடுவில் தோல் பிய்ந்தால் கிருமி ஏறிவிடும், பலூனை எடுக்க வேண்டும், பட்டதெல்லாம் வீண். எண்ணெய் கூடாது, சூடு கூடாது என்று ஊசி போடும் மிஸ்ஸி படித்துப் படித்துச் சொன்னாள். மாலா நம் இருவரையும் உட்காரவைத்தாள். "எம்மக முதுகுல யாராச்சும் கைவைத்தியம் பண்ணா, புள்ளயத் தூக்கிக்கிட்டு தங்காக்ல அம்மா வீட்டுக்குப் போய்டுவேன். திரும்ப வரமாட்டேன்."

ஒன்பதாம் வாரம் தர்ஷினி வலி தாங்காமல் குப்புறக் கிடந்து முனகினாள். மாலா ஃபேக்டரியில் இருந்தாள். மிஸ்ஸி சொன்னது எனக்கு மறந்தா போயிற்று? இல்லை. நாம் பார்க்காத வலியா என்று நினைத்தேன். உப்பை வறுத்து, மூட்டை கட்டி வைத்தேன். இழுபட்ட தோலில் உணர்ச்சி குறைந்திருந்ததோ என்னவோ, பிள்ளை சுடுகிறது என்று சொல்லவே இல்லை. மறுநாள் காலையில் ஐம்பது காசு அகலத்துக்குக் கொப்புளம்.

நீங்கள் வந்து அவள் முதுகைப் பார்த்தீர்கள். குப்பையில் கிடந்த உப்பு மூட்டையைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கார் எடுக்கச் சொல்லி மகனைக் கூப்பிட்டீர்கள்; மாலாவும் வந்தாள்.

"சியாப்பா புவாட்?" டாக்டரம்மா மலாயில் கேட்டார், யார் செய்தது என்று. மாலா என் முகத்தையே பார்த்தாள். நான் குனிந்து தர்ஷினியின் செருப்பைத் தேடினேன்.

"சாயா, டாக்டர்" என்றீர்கள் நீங்கள். நான்தான் என்று.

கார் பக்கத்தில் வைத்துக் காதோடு சொன்னீர்கள்: "எம்மேல கோவிச்சா நான் எம்வீட்டுல இருந்துக்குவேன்லா. ஒம்மேல கோவிச்சா புள்ள தங்காக் போய்டும். நீ என்ன செய்வ?"

பத்து நாள் தினமும் கட்டு மாற்றினார்கள். கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் நான் வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றேன். தோல் பிய்யவில்லை. ஊசியைச் சில வாரம் தள்ளிவைத்து மறுபடி போட்டார்கள். வளர வளர இன்னும் இரண்டு ஆபரேஷன். இன்றைக்கு அவளுக்குப் பதினான்கு வயது; முதுகில் தழும்புக் கோடுகள்தான்.

மாலா மட்டும் உங்களிடம் பேசவே இல்லை. உங்கள் சாவுக்கு வந்தவள் வாசலோடு நின்றாள். நான் உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதேன். அப்போதும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை.

நேற்று மூட்டையைக் கட்டிக்கொண்டே மாலா சொன்னாள்: "பயப்படாதீங்க அத்தை. பெரியத்தை மாதிரி சுட வெச்சிடமாட்டேன்."

"அவங்க வைக்கல, மாலா. நான்தான் வெச்சேன்."

அவள் கை நின்றது. பிறகு மூட்டையைத் தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, என் முழங்காலில் வைத்தாள். அதற்குப் பிறகு இந்நேரம் வரை என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

கிரகணப் பேச்சை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அக்கா. அது அப்படியே இருக்கும். ஆனால் மாலாவின் பேசாத முகத்தைச் சாகும்வரை எனக்காகத் தாங்கினீர்கள். இப்போது அது உரிய இடத்துக்கு வந்துவிட்டது. அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் தாங்கிக்கொள்கிறேன்.