ஏழாவது பெயர்

பூசை நேரத்தில் இருமியே என்னை அடக்கி வைத்த என் சகாயத்துக்கு,

வருகிற தை வந்தால் நீ போய் மூன்று வருஷம். இத்தனை நாள் ஒரு வரிகூட எழுதாதவன் இப்போது உட்கார்ந்து எழுதுகிறான் என்றால், ஒன்று திருந்தியிருக்க வேண்டும், இல்லை மாட்டியிருக்க வேண்டும். நான் திருந்துகிற ஆளா என்பது உனக்குத் தெரியும்.

முதலில் கோயில் சேதி. மலையில் ஒன்பது நாளாக மழை விடவில்லை. பெண்கள் பக்கம் நீ உட்காருவாயே, சரியாக அந்த இடத்தில் கூரை ஒழுகுகிறது. ஒரு வாளி வைத்திருக்கிறார்கள். சாமியார் பிரசங்கம் செய்யும்போது அது டொக், டொக் என்று சொட்டிக்கொண்டே இருக்கிறது. போன ஞாயிறு நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

பூசை முடிவில் அறிவிப்பு வாசிக்கிற வேலை இன்னும் என்னிடம்தான். பத்தாவதில் இரண்டு முறை தவறியவனுக்கு ஊரே காது கொடுக்கிற உத்தியோகம். தொண்டைக்காகக் கொடுத்தார்கள், படிப்புக்காக இல்லை. நடுவில் நான் சொந்தச் சரக்கைச் சேர்த்தால் இரும நீ இல்லை. அதனால் அறிவிப்பு இப்போது பிரசங்கத்தைவிட நீளமாகப் போகிறது என்று சாமியாருக்கு வருத்தம்.

இந்த வாரம் நிறைய இருக்கிறது. சனிக்கிழமை மேல் குடிசைகளுக்குக் கம்பளி கொடுக்கப் போகிறோம். ஓடையில் தண்ணீர் நிற்பதால் ஜீப் பாதி வழிதான் போகும், மீதி தலைச்சுமை. அடுத்த வாரம் கேரல் பவனி தொடக்கம். கிறிஸ்துமஸ் தாத்தா, வேறு யார், நான்தான். குடில் கட்டப் பிள்ளைகள் சாமை வைக்கோல் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அது மழையில் ஊறி முளைத்துவிட்டது. மாட்டுக்கு யோகம்.

உன் மகளுக்குக் கல்யாணம். ஜனவரியில், மூவரசர் திருநாள் முடிந்த வாரத்தில். மாப்பிள்ளைக்குக் கலசப்பாக்கம் பக்கம், டிராக்டர் பழுது பார்க்கிறவன். அதிகம் பேசமாட்டான். வீட்டில் அதற்குத்தான் ஒருவன் இருக்கிறானே என்று பிலோமினா அவனைத் தேர்ந்தெடுத்திருப்பாள். மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையில் முதலாவதைப் போன ஞாயிறு நானே வாசித்தேன். கடைசியில் ஒரு வரி வரும், நினைவிருக்கிறதா? 'இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.' எத்தனை பேருக்கு வாசித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த வரி என்னைப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது.

ஏன் என்று சொல்கிறேன். கோவித்துக்கொள்ளாமல் கேள்.

ஐப்பசியில் நம் கோயிலில் மருத்துவ முகாம் நடந்தது. சிஸ்டர்தான் ஏற்பாடு. வேலூரிலிருந்து டாக்டர்கள் வந்து மேசை போட்டு உட்கார்ந்தாயிற்று. மலை ஜனம் புளியமரத்தடியில் நின்றுகொண்டு வேடிக்கை பார்க்கிறதே தவிர, ஒருவரும் படியேறவில்லை. வெள்ளையன், அதுதான், நமக்குத் தேன் கொண்டுவருவாரே, கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவு கட்டியோடு அவரும் நின்றார். "ஊசி போட்டா உசுரு நிக்காதுடா. நீ வேணா போ, பாக்குறேன்" என்றார்.

எனக்கு இப்படி ஒரு வாய்ப்பு வந்தால் விடுவேனா? "மொத நோயாளி நானே" என்று மைக்கில் சொல்லிவிட்டு, கல்யாண மாப்பிள்ளைபோல நடந்து போய்ப் படுத்தேன். சின்னப் பெண், டாக்டர். நம் பிலோமினா வயதுதான் இருக்கும். வலது விலாவுக்குக் கீழே அழுத்தினார்.

"இங்க வலி எவ்ளோ நாளா சார்?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து டாக்டர்."

புளியமரத்தடி முழுக்கச் சிரித்தது. வெள்ளையன் சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. மறுபடியும் அதே இடத்தில் அழுத்தினார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். கூட இருந்தவரைக் கூப்பிட்டார், அவரும் அழுத்தினார்.  

"வேலூருக்கு வாங்க. வூட்ல யாரையாவது கூட இட்டுனு வாங்க" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் வெளியே வந்து, "பாத்தியா, உயிரோட வந்துட்டேன்" என்றேன். உடனே வரிசை ஓடை வரைக்கும் போயிற்று. வெள்ளையன் மூன்றாவது ஆள். அன்றைக்குச் சாமியார் என்னைத்தான் புகழ்ந்தார்.

சீட்டை உன் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன். ஏதோ ஒரு பக்கம் என்றுதான் வைத்தேன். பிறகு திறந்து பார்த்தால், நல்ல மரணத்துக்கான செபம். மூடி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் உன் புத்தகத்தை நான் தொடவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு உன் இடத்தைச் சுத்தம் செய்ய வந்தேன். பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கிறது. போன வருஷம் அதைப் பார்த்து, "இன்னாமே, எடம் புடிச்சி வெச்சிக்கிறியா?" என்று கேட்டேன். இந்த வருஷம் கேட்கவில்லை. நீயும் கவனித்திருப்பாய்.

நேற்று முன்தினம் பிலோமினா, கிறிஸ்துமஸ் தாத்தா அங்கியைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். முன்பெல்லாம் தலையணை இல்லாமலே என் வயிறு அந்தச் சிவப்பு அங்கிக்குப் பொருந்தும், நீயே கேலி செய்வாய். இந்த வருஷம் ஒரு தலையணை வைத்தாள், தொளதொளவென்று இருந்தது. இரண்டாவதையும் வைத்தாள்.

"இன்னாப்பா, இப்டி எளச்சிக்கினு போற?"

"உன் சமையல்தான். ரெண்டு மாசத்துல மாப்ளையும் இப்டி ஆயிடுவாரு."

வழக்கமாக அடிக்க வருவாள். அன்று வரவில்லை. ஊசியை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள். அந்தப் பார்வை உன்னுடையது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முகாமில் சீட்டு வாங்கியவர்களை வருகிற திங்கட்கிழமை கோயில் ஜீப்பில் வேலூருக்குக் கூட்டிப் போகிறார்கள். அந்தப் பட்டியலைப் போன ஞாயிறு சிஸ்டர் என்னிடம் வாசிக்கக் கொடுத்தார். ஏழு பெயர். ஏழாவது சூசை, நான்தான். மகளுடைய ஓலையை வாசித்து மூச்சுக்கூட விடவில்லை. ஆறு பெயரை வாசித்துத் தாளை மடித்தேன். வாளியில் டொக் என்று ஒரு சொட்டு.

வெளியே சிஸ்டர் குடையோடு நின்றார். "ஏழு பேர் எழுதினேண்ணே."

"மழையில எழுத்து கரைஞ்சிட்ச்சி சிஸ்டர்."

"கோயிலுக்குள்ளயா?" என்றார். பிறகு, "ஆஸ்பத்திரில ஏழு பேருக்குத்தான் சொல்லி வெச்சிக்கிறேன். அத மாத்தப் போறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கல்யாணம் முடியட்டும் என்றுதான் நினைத்தேன். இப்போது சொன்னால் பிலோமினா ஓலையை நிறுத்தச் சொல்வாள், பிடிவாதம் உன்னைப்போல. ஐந்தாறு வாரம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடும்? ஆனால் நீயும் இதைத்தானே சொன்னாய். திருநாள் முடியட்டும் என்றாய், எல்லோருக்கும் பொங்கிப் போட்டாய். பிறகு புளி உலுக்கி முடியட்டும் என்றாய். வேலூருக்குப் போனபோது, "ஏம்மா இவ்ளோ நாளா வரல?" என்று டாக்டர் கேட்டார். நீ வாயைத் திறக்குமுன் நான்தான் ஏதோ தமாஷ் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எவ்வளவோ யோசித்தும் வரவில்லை. நீ சிரித்தாய், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வலிக்கும்போது ஏன் சிரித்தாய்?

அப்படியும் நான் மறைத்தே இருப்பேன். வெள்ளையன் விடவில்லை. நேற்றுத் தேன் கொண்டு வந்தவர், தூணில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "உனுக்கும் சீட்டு குட்த்தாங்களே, நான் பாத்தனே. உன் பேரு வர்லியே இன்னா?"

"எனுக்கு சும்மா குட்த்தது தாத்தா. விளம்பரத்துக்கு."

"அப்ப எனுதும் விளம்பரம்தான். நீ ஏறாத வண்டில நான் ஏற மாட்டேன்."

கட்டி இப்போது எலுமிச்சை அளவைத் தாண்டிவிட்டது, சகாயம். குரல் கம்மிவிட்டது. மற்ற ஐந்து பேரும் அவர் முகத்தைப் பார்த்து ஏறுகிறவர்கள். அன்றைக்கு நான் கூத்தடித்துக் கூப்பிட்டதால்தான் அத்தனை பேரும் படியேறினார்கள். இன்று நான் புளியமரத்தடியில் நின்றுகொண்டால்?

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். சனிக்கிழமை கம்பளி கொடுத்துவிட்டு வந்ததும், உன் செபப் புத்தகத்தைப் பிலோமினா கையில் கொடுப்பேன், சீட்டு இருக்கிற பக்கத்தோடு. ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலையை வாசிப்பேன், அவள் நிறுத்தச் சொன்னாலும் வாசிப்பேன். பிறகு ஏழு பெயரையும் வாசிப்பேன். திங்கட்கிழமை ஜீப்பில் முதலில் ஏறுவேன். வேலூரில் என்ன கேட்டாலும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன்.

ஏழாவது பெயரை வாசிக்கும்போது கோயிலே சிரிக்கும். சூசை அடுத்த கூத்தை ஆரம்பித்துவிட்டான் என்று நினைப்பார்கள். சிரித்து ஓயட்டும், நான் காத்திருப்பேன். ஓய்ந்ததும் மறுபடியும் ஒரு தடவை வாசிப்பேன். அப்போது அந்த வாளிப் பக்கத்திலிருந்து நீ மட்டும் இருமிவிடாதே.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கடைசி வரை கேட்காத உன் வீட்டுக்காரன்,
பிலோமினாவின் அப்பன்,
சூசை