ஹடப்சரிலிருந்து கேம்ப்புக்குப் போகாத மெயில்

புது போன் வாங்கியிருக்கிறேன். பழையதில் இருந்த எண்களெல்லாம் இதற்கு வந்துவிட்டனவா என்று இன்று காலை பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். நடுவில் 'கேம்ப் சர்வர்' என்று வந்ததும் விரல் நின்றுவிட்டது. உன் எண். உன் பெயர் தெரியாத நாளில் அவசரத்தில் அப்படிப் பதிந்தேன். தெரிந்த பிறகும் மாற்றவில்லை. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் அந்த இரண்டு சொற்களைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பிற்பகலின் படபடப்புதான் அப்படியே திரும்பி வந்தது.

அப்போது நான் ஹடப்சர் தொழிற்பேட்டையில், வால்வு செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்திதான். நீ அதே நகரின் கேம்ப் பகுதியில், மற்ற நிறுவனங்களுக்காக டெண்டர் நடத்தித் தரும் அலுவலகத்தில் மெயில் சர்வரைக் கவனித்துக்கொண்டிருந்தாய். எங்களுக்கு ஒரு பெரிய ஆர்டர் கிடைக்காவிட்டால் வெல்டிங் பகுதியை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. அந்த ஆர்டருக்கான டெண்டர் அன்று மாலை ஐந்து மணிக்குள், எங்கள் நிறுவன முகவரியிலிருந்து மெயிலாக உங்களுக்கு வந்து சேர வேண்டும். காலையிலிருந்து அனுப்புகிறோம். அனுப்பியதும் திரும்பி வந்துவிடுகிறது.

காரணம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த வாரம் இணைய இணைப்பை வேறு கம்பெனிக்கு மாற்றியிருந்தோம். புது இணைப்பின் இணைய முகவரி எண்ணுக்குப் பெயர் பதியப்படவில்லை. உன் சர்வரோ, எந்த எண்ணிலிருந்து மெயில் வந்தாலும் முதலில் அந்த எண்ணின் பெயரை விசாரிக்கும்; பெயர் இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். இணைப்புக் கம்பெனியோடு மல்லுக்கட்டி மதியத்துக்குள் பெயரைப் பதிய வைத்தேன். எங்கிருந்து விசாரித்தாலும் பெயர் சரியாக வந்தது. உன் சர்வர் மட்டும் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது.

வெல்டிங் பகுதி ஆட்கள் என் அறை வாசலில் வந்து நின்று, "மேடம், கயா க்யா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். போய்விட்டதா என்று கேட்டவர்களின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

உனக்கு போன் செய்தேன். ஆங்கிலத்தில் சண்டை போட்டோம், ஞாபகமிருக்கிறதா? உங்கள் பக்கம்தான் கோளாறு என்று நீ, உங்கள் பக்கம் என்று நான். நீ எதையோ தேடிக்கொண்டிருந்த இடைவெளியில், நான் எனக்குள் முனகினேன்: "இந்தச் சர்வர கட்டிக்கிட்டு மாரடிக்கதுக்குள்ள எனக்குக் கிறுக்கு புடிச்சிரும் போல."

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் நின்றது. பிறகு, "ஏனுங்க, எம்பட சர்வர அப்படியெல்லாம் திட்டாதீங்க," என்றது உன் கோயம்புத்தூர்க் குரல்.

சிரித்துவிட்டேன். சிரித்த கையோடு கெஞ்சினேன். "பென் டிரைவ்ல போட்டு நானே கொண்டாந்து தாரேன். வாங்கிக்கிடுங்க."

"கையில வாங்குனா செல்லாதுங்க. மெயில்லதான் வரோணும்," என்றாய். அடுத்து நீ சொன்ன ஒரு சொல்தான் அன்றைய நாளைத் திருப்பிப் போட்டது. "வர வெப்போம்."

உன் மேஜைக் கணினியிலிருந்து எங்கள் எண்ணை விசாரித்தாய். பெயர் வந்தது. பிறகு மெயில் சர்வருக்குள் போய் அதே கேள்வியைக் கேட்டாய். பெயர் இல்லை என்று பதில். உன் மூச்சு மாறியது எனக்குக் கேட்டது.

"காலைல வந்த பதிலயே இது இன்னும் புடிச்சுட்டு உக்காந்திருக்குதுங்க. புதுசா யாரையும் கேக்கவே இல்ல. மறக்க வெச்சாப் போதும்."

மறக்க வைக்க உன் மேலதிகாரியின் அனுமதி வேண்டும். நீ போனைத் துண்டிக்காமலே அவரிடம் போனாய். "உன்கா பிராப்ளம் ஹை, சோட் தோ," என்றார் அவர். அது அவர்கள் பிரச்சினை, விட்டுவிடு என்று. நீ குரலை உயர்த்தவில்லை. "நஹி ஸர். ஹமாரா ஹை." இல்லை, நம்முடையதுதான். அறிமுகமே இல்லாத ஒருத்திக்காக, தன் பக்கத்துத் தவறைத் தானே ஒப்புக்கொண்ட அந்தக் குரலை நான் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அனுமதி கிடைத்தது. பழைய பதிலை அழித்தாய். "இப்ப உடுங்க," என்றாய். அனுப்பினேன். உன் திரையில் ஓடியதை நீ கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாய்.

"வந்துட்டான். பேரக் கேக்குது. சொல்லிட்டான். உள்ள உட்டுருச்சுங்க. ஃபைல் வந்துட்டே இருக்குது... பெரிய ஃபைலுங்க... இருங்க, இருங்க..."

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தேன்.

"டூ ஃபிப்டி," என்றாய். ஏற்றுக்கொண்டேன் என்று சர்வர் சொல்லும் எண். மணி இன்னும் ஐந்தாகவில்லை. கதவைத் திறந்து, "கயா," என்றேன். வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் உனக்குக் கேட்க வேண்டும் என்று போனை அவர்கள் பக்கம் நீட்டினேன்.

ஆர்டர் எங்களுக்கே வந்தது. வெல்டிங் பகுதி இன்றும் ஓடுகிறது. அதற்கடுத்த சனிக்கிழமை கேம்ப் கடைத்தெருவில் முதன்முதலாகச் சந்தித்தோம். அன்றே 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. அப்புறம் எத்தனை சனிக்கிழமைகள். எந்த மெயில் ஏன் திரும்பியது என்று நாம் டீக்கடையில் பேசிய பேச்சைப் பக்கத்து மேஜைக்காரர்கள் கேட்டிருந்தால், யாரோ பக்கத்து வீட்டு வம்பு என்றுதான் நினைத்திருப்பார்கள். மருத்துவமனையில் கிடந்தபோதும் நீ உன் உடம்பைப் பற்றிப் பேச விடவில்லை. "அத உடு. இன்னைக்கு எது திரும்பி வந்துச்சு, அதச் சொல்லு," என்பாய். நான் பாதி சொல்வதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு, கண்ணை மூடிச் சிரிப்பாய்.

போன வாரம் ஒரு வினோதம். சின்ன மெயிலெல்லாம் போகிறது, பெரிய மெயில் மட்டும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அலுவலகமே முகத்தைத் தொங்கப் போட்டிருக்க, எனக்கு மட்டும் கை பரபரத்தது. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி அது. போகிற மாதிரி தெரியவில்லை. மாலைக்குள் கண்டுபிடித்துவிட்டேன். சொல்ல நீ இல்லை. சாங்வியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த கணவரிடம் கொட்டினேன். அவர் வங்கியில் வேலை பார்ப்பவர். சர்வர் என்றால் அவருக்கு ஹோட்டலில் இட்லி கொண்டுவருபவர்தான். ஏதோ கேட்டுவைப்பார் என்றுதான் நினைத்தேன்.

அவர் உரிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அது சரி, பெருசு மட்டும் ஏன் நிக்கணும்? சின்னதுக்கும் அதே வழிதான?"

சரியான கேள்வி. நீ இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பாய். பையைக்கூடக் கீழே வைக்காமல் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.